வெளியூரிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்குள்: சொந்தமாக ஒரு விபிஎன் அமைக்கும் முறை

வாசலில் மாட்டியிருக்கும் கேமராவையோ, ஹாலில் இருக்கும் நெட்வொர்க் ஹார்ட் டிஸ்க்கையோ, மேசைக் கணினியில் உள்ள கணக்கு வழக்குகளையோ வெளியூரிலிருந்து பார்க்க வழி கேளுங்கள். கேமரா மாட்ட வந்தவர் முதல் பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவர் வரை எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: "ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டு செய்துவிடுங்கள்." வெளியிலிருந்து வரும் இணைப்பை ரவுட்டரின் ஒரு போர்ட் (எண்ணிட்ட வாசல்) வழியாக நேரே அந்தக் கருவிக்கு அனுப்புவதுதான் அது. ஐந்து நிமிட வேலைதான், உடனே பலனும் கிடைக்கும். ஆனால் அந்த நிமிடம் முதல் உங்கள் கேமராவின் நுழைவுப் பக்கம் உங்களுக்கு மட்டுமல்ல, உலகம் முழுவதற்கும் திறந்திருக்கும். இணைய முகவரிகளை ஒன்று விடாமல் இரவும் பகலும் தட்டிப் பார்க்கும் நிரல்கள் ஏராளமாக ஓடிக்கொண்டிருக்கின்றன.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2016இல் மிராய் என்ற தீநிரல் பரவியது இப்படித் திறந்து கிடந்த கேமராக்கள், டிவிஆர்கள் (கேமராப் பதிவுப் பெட்டிகள்), ரவுட்டர்கள் வழியாகத்தான். கருவி தயாரான இடத்திலேயே வைக்கப்பட்ட கடவுச்சொற்களில் அறுபது சொச்சத்தை மட்டுமே அது முயன்று பார்த்தது. பெரும் படையைத் திரட்ட அதுவே போதுமானதாக இருந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று அந்தக் கருவிகளெல்லாம் சேர்ந்து டைன் என்ற டிஎன்எஸ் (தளங்களின் பெயரை இணைய முகவரியாக மாற்றித் தரும் சேவை) நிறுவனத்தைத் தாக்கியபோது ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் அமெரிக்காவில் மணிக்கணக்கில் தடுமாறின. தாக்கியவற்றுள் பெரும்பாலானவை சாதாரண வீடுகளின் கேமராக்களும் டிவிஆர்களும்தான். அவற்றின் சொந்தக்காரர்களுக்கு எதுவும் தெரியாது.

கேமராவுக்கு ஒன்று, ஹார்ட் டிஸ்க்குக்கு ஒன்று, கணினிக்கு ஒன்று என்று போர்ட்களைத் திறப்பதைவிட, சரியான சாவி இல்லாதவருக்குப் பதிலே சொல்லாத ஒரே ஒரு போர்ட்டைத் திறந்து, எல்லாவற்றையும் அதன் வழியாக அணுகுவதே சரியான முறை. வீட்டு விபிஎன் (வெளியிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்கு வரும், பூட்டிய தனிப்பாதை) செய்வது அதைத்தான். அமைக்க ஒரு விடுமுறை நாள் பிற்பகல் போதும்.

விளம்பரத்தில் வரும் விபிஎன் இது அல்ல

மாதச் சந்தா கட்டி வாங்கும் விபிஎன், உங்கள் இணையப் போக்குவரத்தை வேறொரு நிறுவனத்தின் சர்வர் வழியாக வெளியே அனுப்புகிறது. நாம் அமைக்கப்போவது எதிர்த்திசையில் வேலை செய்வது. நீங்கள் எங்கே இருந்தாலும் உங்கள் போனை வீட்டு வைஃபையில் இணைந்திருப்பது போல மாற்றும். இதற்குச் சந்தா கிடையாது. இது உங்களை மறைத்தும் வைக்காது. முழுப் போக்குவரத்தையும் இதன் வழியாக அனுப்பினால் தளங்களுக்கு உங்கள் வீட்டு முகவரிதான் தெரியும். இதன் பயன் இரண்டு: வீட்டுக் கருவிகளைப் பாதுகாப்பாக அணுகலாம்; ரயில் நிலையம், விடுதி போன்ற இடங்களின் வைஃபையில் இருக்கும்போது அந்த வைஃபையை நடத்துபவர் கண்ணில் எதுவும் படாமல் இணையத்தைப் பயன்படுத்தலாம்.

சட்டம் பற்றிப் பலருக்குத் தயக்கம் உண்டு. இந்தியாவில் செர்ட்-இன் என்ற அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவு, வாடிக்கையாளர் விவரங்களை ஐந்து ஆண்டுகள் வைத்திருக்கும்படி விபிஎன் சேவை வழங்குநர்களுக்குச் சொன்னது. அது பொதுமக்களுக்குச் சேவை விற்பவர்களை நோக்கியது. வீட்டுக்காரர் தம் வீட்டுக்குத் தாமே அமைத்துக்கொள்வது வேறு. ஆனால் வளைகுடா நாடுகள் சிலவற்றில் விபிஎன் பயன்பாட்டுக்குக் கட்டுப்பாடு உண்டு. அங்கே வேலை பார்ப்பவர்கள் அந்நாட்டு விதிகளைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள்.

எதையும் வாங்குவதற்கு முன்: பொது முகவரி இருக்கிறதா?

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். ஆயிரக்கணக்கில் செலவழித்துப் புது ரவுட்டர் வாங்கி, எல்லாவற்றையும் சரியாக அமைத்தும் பலருக்கு இணைப்பு கிடைக்காமல் போவதற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது.

வீட்டு வைஃபையில் இருந்தபடி ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தைத் திறங்கள். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று பிரவுசரில் தட்டினால் வரும். முகவரி ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டிலும் அச்சிடப்பட்டிருக்கும். உள்ளே ஸ்டேட்டஸ் பகுதியில் வான் ஐபி அல்லது இன்டர்நெட் ஐபி என்று ஓர் எண் இருக்கும். அதைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கூகுளில் "என் ஐபி முகவரி என்ன" என்று தேடி, ஏதாவது ஒரு தளம் காட்டும் எண்ணோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்று என்றால், வெளியிலிருந்து நேரடியாக எட்டக்கூடிய பொது முகவரி உங்களுக்கு இருக்கிறது. அடுத்த பகுதிக்குப் போகலாம்.

இரண்டும் வேறு வேறாக இருந்தால், ரவுட்டர் காட்டும் எண் எதில் தொடங்குகிறது என்று பாருங்கள். 192.168 என்று தொடங்கினால், பெரும்பாலும் ஃபைபர் நிறுவனம் மாட்டிய பெட்டியே ஒரு ரவுட்டராக வேலை செய்கிறது. உங்கள் ரவுட்டர் அதற்குப் பின்னால் நிற்கிறது. நிறுவனத்தைக் கூப்பிட்டு அந்தப் பெட்டியை பிரிட்ஜ் முறைக்கு (ரவுட்டர் வேலை பார்க்காமல் இணைப்பை மட்டும் கடத்தும் முறை) மாற்றித் தரச் சொல்லுங்கள். மாற்றிய பிறகு இணைப்பின் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் உங்கள் ரவுட்டரில் இட வேண்டியிருக்கும் என்பதால் அவற்றை முன்கூட்டியே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால், நீங்கள் சிஜிநாட் எனப்படும் ஏற்பாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள். 10 என்று தொடங்கினாலும் பெரும்பாலும் இதே நிலைதான். பழைய ஐபிவி4 முகவரி முறையில் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள்தான் உண்டு; உலகப் பொது இருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது. அதனால் இணையச் சேவை நிறுவனங்கள் ஒரு பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து தருகின்றன. பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பின் முகவரியை மட்டும் எழுதி, வீட்டு எண் போடாமல் அனுப்பிய கடிதத்தின் கதிதான் வெளியிலிருந்து உங்கள் வீட்டைத் தேடி வரும் இணைப்புக்கும். வீட்டிலிருந்து வெளியே போகும் எதற்கும் தடை இல்லை. வெளியிலிருந்து உள்ளே வருவதற்கு வழி இல்லை.

இந்த நிலையில் மூன்று வழிகள் உண்டு. சேவை நிறுவனத்திடம் கூடுதல் கட்டணம் கட்டி நிலையான பொது முகவரி வாங்கலாம். கேட்டால் பலர் தருகிறார்கள். புதிய முகவரி முறையான ஐபிவி6 வழியாக வரலாம். அதற்கு ரவுட்டர், ஃபயர்வால், டிஎன்எஸ் பெயர், நீங்கள் போயிருக்கும் ஊரின் இணைப்பு ஆகிய நான்கும் ஐபிவி6க்கு ஒத்துழைக்க வேண்டும் என்பதால் முதன்முறை அமைப்பவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். மூன்றாவது, டெயில்ஸ்கேல் என்ற சேவை. அதைத் தனியாகக் கீழே சொல்கிறேன்.

வீட்டின் உள்முகவரியை மாற்றுங்கள்

பல வழிகாட்டிகள் இந்தப் படியைச் சொல்வதே இல்லை. அதனால்தான் "இணைந்துவிட்டது என்று காட்டுகிறது, ஆனால் எதுவும் திறக்கவில்லை" என்ற புகார் இவ்வளவு வருகிறது.

உங்கள் வீட்டுக் கேமராப் பெட்டி 192.168.1.50 என்ற முகவரியில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நண்பர் வீட்டுக்குப் போகிறீர்கள். அவர் வீட்டு ரவுட்டரும் 192.168.1 வரிசையில்தான் இயங்குகிறது, ஏனென்றால் கடையிலிருந்து வரும்போதே பெரும்பாலான ரவுட்டர்கள் அப்படித்தான் வருகின்றன. விபிஎன்னை இயக்கி 192.168.1.50ஐத் திறந்தால், அது நண்பர் வீட்டு 50ஆ, உங்கள் வீட்டு 50ஆ என்று போனுக்குத் தெரியாது. நண்பர் வீட்டு டிவியைப் போய்த் தட்டிவிட்டு, பதில் இல்லை என்று நிற்கும்.

எனவே ரவுட்டரின் லேன் (வீட்டின் உள் நெட்வொர்க்) பகுதிக்குச் சென்று, அதன் முகவரியை யாரும் சாதாரணமாக வைக்காத ஒன்றாக மாற்றுங்கள். 192.168.73.1 போல நடுவில் உங்களுக்குப் பிடித்த ஓர் எண்ணை வையுங்கள். சேமித்ததும் ரவுட்டர் மறுதொடக்கம் ஆகும். போன், டிவி எல்லாம் தாமே புது முகவரி பெற்றுக்கொள்ளும். கேமராப் பெட்டிக்கும் பிரிண்டருக்கும் யாராவது கையால் நிலையான முகவரி போட்டிருந்தால் மட்டும் சிக்கல். அவற்றை முதலில் தானாக முகவரி பெறும் டிஎச்சிபி முறைக்கு மாற்றிவிட்டு, பிறகு ரவுட்டரில் உள்ள முகவரி ஒதுக்கீட்டுப் பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிரந்தர எண் கொடுத்துவிடுங்கள். கேமராவுக்கு 192.168.73.50, ஹார்ட் டிஸ்க்குக்கு 192.168.73.60 என்று தாளில் எழுதி ரவுட்டருக்குப் பக்கத்திலேயே ஒட்டி வையுங்கள்.

எந்த மென்பொருள், எந்தப் பெட்டி

மென்பொருள் விஷயத்தில் எனக்குக் குழப்பமே இல்லை: வயர்கார்டு. ஜேசன் டோனன்ஃபெல்டு உருவாக்கிய இது, 2020 மார்ச்சில் வந்த லினக்ஸ் கெர்னல் (லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதி) 5.6 பதிப்பிலேயே சேர்க்கப்பட்டுவிட்டது. நிரல் சுமார் நாலாயிரம் வரிகள்தான் என்பதால் வல்லுநர்கள் அதை முழுவதும் படித்துச் சரிபார்க்க முடிகிறது. சாவி இல்லாமல் வரும் எந்தத் தகவலுக்கும் இது வாய் திறப்பதில்லை. தட்டிப் பார்க்கும் நிரல்களுக்கு அங்கே ஏதோ இருக்கிறது என்பதே தெரியாது. வீட்டு விபிஎன்னுக்கு நான் இதைத் தேர்ந்தெடுக்க முதல் காரணம் இதுதான்.

ஓபன்விபிஎன் 2001 முதல் இருக்கிறது. நம்பகமானது, ஆனால் அமைப்பது நீளமான வேலை, வேகமும் குறைவு. உங்கள் ரவுட்டரில் அது மட்டும்தான் இருக்கிறது என்றால் தாராளமாகப் பயன்படுத்துங்கள். பிபிடிபி என்று ஒன்று பழைய ரவுட்டர்களில் எளிதாக அமைக்கும்படி இருக்கும். அதைத் தொடவே வேண்டாம். அதன் கடவுச்சொல் பாதுகாப்பு 2012இலேயே உடைக்கப்பட்டுவிட்டது; ஆப்பிள் 2016இல் ஐபோனிலிருந்து அதை நீக்கியது.

பெட்டியைப் பொறுத்தவரை, ஏற்கெனவே இருக்கும் ரவுட்டரின் மெனுவை முதலில் பாருங்கள். விபிஎன் சர்வர் என்ற பகுதியில் வயர்கார்டு இருந்தால் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். சர்வர் என்ற சொல்லைக் கவனியுங்கள். விபிஎன் கிளையன்ட் என்பது சந்தா விபிஎன்னோடு இணைவதற்கானது, நமக்கு உதவாது. கடையில் அட்டைப் பெட்டியின் மீது விபிஎன் என்று போட்டிருப்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். மாடல் எண்ணைக் கொண்டு தயாரிப்பாளரின் தளத்தில் "வயர்கார்டு சர்வர்" இருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். அசூஸ், டிபி-லிங்க் நிறுவனங்களின் பல நடுத்தர மாடல்களில் இருக்கிறது. ஓபன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரவுட்டர் மென்பொருளை ஏற்றக்கூடிய ரவுட்டராக இருந்தால் அதிலும் அமைக்கலாம்.

ரவுட்டரில் இல்லை, மாற்றவும் விருப்பமில்லை என்றால் ராஸ்பெர்ரி பை போன்ற ஒரு சிறிய கணினியை எப்போதும் ஓடும்படி வைக்கலாம். அதில் டபிள்யூஜி-ஈஸி என்ற இலவச மென்பொருளை நிறுவினால் பிரவுசரிலேயே எல்லாவற்றையும் நிர்வகிக்கலாம். அந்த நிர்வாகப் பக்கம் 51821 என்ற போர்ட்டில் இயங்கும். அதை ஒருபோதும் வெளியே திறக்காதீர்கள். வெளியே திறக்க வேண்டியது 51820 மட்டும்.

ரவுட்டரில் அமைத்தல்

முதலில் ரவுட்டரையே ஒழுங்குபடுத்த வேண்டும். ஃபர்ம்வேரை (ரவுட்டருக்குள் இருக்கும் மென்பொருளை) புதுப்பியுங்கள். நிர்வாகக் கடவுச்சொல் இன்னும் சீட்டில் அச்சிட்டதாகவே இருந்தால் மாற்றுங்கள். ரிமோட் மேனேஜ்மென்ட் என்ற வசதி இயங்கிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள். இனி வெளியிலிருந்து ரவுட்டரைத் தொட வேண்டுமானால் விபிஎன் வழியாகத் தொடலாம்.

அடுத்தது வீட்டுக்கு ஒரு நிலையான பெயர். நிலையான பொது முகவரி வாங்கியிருந்தால் இது தேவையில்லை. மற்றவர்களின் பொது முகவரி, மின்சாரம் போய் வரும்போதெல்லாம் மாறலாம். டைனமிக் டிஎன்எஸ் என்ற வசதி, மாறும் முகவரியைத் தொடர்ந்து கவனித்து ஒரே பெயரோடு இணைத்து வைக்கும். ரவுட்டர் நிறுவனமே இலவசமாகத் தந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் டக்டிஎன்எஸ் இருக்கிறது. உங்கள் பெயரையோ தெருவையோ வைக்காமல், யாராலும் ஊகிக்க முடியாத சொல்லாகப் பதிவு செய்வது நல்லது.

இப்போது விபிஎன் சர்வர் பகுதியில் வயர்கார்டை இயக்குங்கள். டனல் முகவரி (விபிஎன்னுக்குள் மட்டும் பயன்படும் முகவரி) என்று கேட்கும் இடத்தில் வீட்டு வரிசையோடு மோதாத ஒன்றை இடுங்கள், 10.88.0.1/24 என்று வைத்துக்கொள்வோம். /24 என்பது கடைசி எண் மட்டும் மாறும் முழு வரிசையையும், /32 என்பது ஒரே ஒரு முகவரியையும் குறிக்கும். போர்ட் 51820 என்றே இருக்கட்டும். சாவிகளை ரவுட்டர் தானே உருவாக்கிக்கொள்ளும். ஒவ்வொரு சாவியும் 44 எழுத்துகள் கொண்ட, பொருளற்ற ஒரு வரிசை. கடைசியில் ஒரு சமக்குறி இருக்கும். கையால் ஒட்டும்போது அந்தச் சமக்குறி விட்டுப்போனால் சாவி செல்லாது. ஒவ்வொரு கருவிக்கும் இரண்டு சாவிகள் உண்டு: பொதுச் சாவியை மற்றவர்க்குத் தரலாம், தனிச் சாவி அந்தக் கருவிக்கு மட்டுமே உரியது, வேறு யார் கைக்கும் போகக் கூடாது.

பிறகு கிளையன்ட் அல்லது பியர் (உள்ளே வர அனுமதி பெறும் கருவியின் பதிவு) சேர்க்கும் பொத்தானை அழுத்துங்கள். ஒரு கருவிக்கு ஒரு பியர் என்பது மீறக்கூடாத விதி. உங்கள் போனுக்கு 10.88.0.2, மனைவியின் போனுக்கு 10.88.0.3, லேப்டாப்புக்கு 10.88.0.4 என்று தனித்தனியாக உருவாக்குங்கள். ஒரே சாவியை இரண்டு போன்களில் போட்டால், ரவுட்டர் கடைசியாகப் பேசிய போனுக்கே பதில்களை அனுப்பும். இரண்டும் மாறி மாறி அறுந்துகொண்டே இருக்கும்.

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது அலவ்டு ஐபி என்ற பெட்டியில். ரவுட்டர் பக்கமும் போன் பக்கமும் ஒரே பெயரில் இரண்டு பெட்டிகள் இருக்கும், பொருள் ஒன்றல்ல. ரவுட்டர் பக்கத்தில் அது "இந்தச் சாவி வைத்திருப்பவர் எந்த முகவரியில் வரலாம்" என்பதைக் குறிக்கும், அங்கே 10.88.0.2/32 என்று அந்த ஒரு போனின் முகவரி மட்டும் இருக்க வேண்டும். போன் பக்கத்தில் அது "எந்த முகவரிகளுக்குப் போவதை விபிஎன் வழியாக அனுப்ப வேண்டும்" என்பதைக் குறிக்கும். அங்கே 192.168.73.0/24, 10.88.0.0/24 என்று இரண்டையும் காற்புள்ளியிட்டு எழுதினால் வீட்டுக் கருவிகளுக்கான போக்குவரத்து மட்டும் விபிஎன்னில் போகும். யூடியூபும் வங்கிச் செயலியும் வழக்கம்போல நேரடியாகப் போகும். 0.0.0.0/0 என்று எழுதினால் எல்லாமே வீட்டு வழியாகப் போகும். கூடவே ::/0 என்பதையும் சேர்க்காவிட்டால் ஐபிவி6 போக்குவரத்து மட்டும் வெளியே நழுவிவிடும்.

அன்றாடத்துக்கு முதல் வகையையே வைத்துக்கொள்ளுங்கள். போனின் பேட்டரியும் மிஞ்சும். விபிஎன்னைக் கண்டாலே இயங்க மறுக்கும் சில வங்கிச் செயலிகளோடும் சண்டை குறையும். விடுதி வைஃபைக்கென்று இரண்டாவது வகையைத் தனியாக இன்னொரு பதிவாகப் போனில் வைத்துக்கொள்ளலாம்.

விபிஎன் சர்வர் ரவுட்டரில் இல்லாமல் ராஸ்பெர்ரி பையில் இருந்தால் மட்டும் கூடுதலாக ஒரு வேலை: ரவுட்டரில் 51820ஐ அந்தப் பைக்கு ஃபார்வர்டு செய்ய வேண்டும். வகையில், தகவல் அனுப்பும் முறைகளான யுடிபி, டிசிபி இரண்டில் யுடிபியைத் தேர்ந்தெடுங்கள். பல ரவுட்டர்களில் டிசிபி முன்கூட்டியே தேர்வாகியிருக்கும். வயர்கார்டு டிசிபியில் பேசுவதே இல்லை.

போனில் இணைத்தல்

போனின் செயலிக் கடையிலிருந்து வயர்கார்டு செயலியை நிறுவுங்கள். கூட்டல் குறியைத் தொட்டு, க்யூஆர் கோடு மூலம் சேர்ப்பதைத் தேர்ந்தெடுத்து, ரவுட்டர் பக்கம் காட்டும் கோடை ஸ்கேன் செய்தால் எல்லா விவரங்களும் வந்துவிடும். பெயர் கேட்கும்போது ஆண்ட்ராய்டில் ஆங்கில எழுத்துகளும் எண்களும் கொண்ட, இடைவெளி இல்லாத, பதினைந்து எழுத்துக்கு மிகாத பெயராக வையுங்கள். தமிழில் எழுதினால் ஏற்காது. சேர்த்த பிறகு எண்ட்பாயிண்ட் வரியில் உங்கள் டிஎன்எஸ் பெயரும் அதை அடுத்து 51820ம் இருக்கின்றனவா என்று ஒருமுறை பாருங்கள். சில ரவுட்டர்கள் அந்த இடத்தில் அன்றைய ஐபி எண்ணையே எழுதிவிடுகின்றன. முகவரி மாறிய அன்றைக்கு இணைப்பு நின்றுவிடும்.

அந்த க்யூஆர் கோடில் தனிச் சாவியும் அடங்கியிருக்கிறது. அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் தம்பிக்கு அனுப்புவது வீட்டுச் சாவியை அனுப்புவதாகும். முடிந்தவரை போனை நேரில் வைத்தே ஸ்கேன் செய்யுங்கள்.

சோதிக்கும்போது வீட்டு வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில்தான் சோதிக்க வேண்டும். வீட்டுக்குள் இருந்தபடியே வீட்டின் பொது முகவரிக்குப் போவதைப் பல ரவுட்டர்கள் ஏற்பதில்லை. சுவிட்சை இயக்கி, பதிவைத் தொட்டு உள்ளே போனால் ஹேண்ட்ஷேக் (இரு பக்கமும் சாவியைச் சரிபார்த்துக்கொள்வது) நடந்த நேரமும் வந்த, போன தகவலின் அளவும் தெரியும். சில வினாடிகளுக்கு முன் ஹேண்ட்ஷேக் நடந்ததாகக் காட்டினால் வெற்றி. இப்போது பிரவுசரில் 192.168.73.1 என்று தட்டுங்கள். ரவுட்டர் பக்கம் திறந்தால் கேமராவும் ஹார்ட் டிஸ்க்கும் அப்படியே திறக்கும்.

திறந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, பழைய போர்ட் ஃபார்வர்டு பதிவுகள் அனைத்தையும் நீக்குவது. யுபிஎன்பி என்ற வசதியையும் நிறுத்துங்கள். உங்களைக் கேட்காமல் கேமராக்கள் தாமாகவே போர்ட் திறந்துகொள்வது அதன் வழியாகத்தான். பிறகு விபிஎன்னை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் பழைய வழியில் கேமராவைத் திறந்து பாருங்கள். திறக்கவே கூடாது.

இணையவில்லை என்றால்

சாவி இல்லாதவரிடம் பேசாத அதே குணத்தால், தவறு நேர்ந்தாலும் வயர்கார்டு காரணம் சொல்லாது. செயலியில் சுவிட்ச் இயங்குவதாகவே காட்டும். எனவே அறிகுறியை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஹேண்ட்ஷேக் வரியே இல்லை, போன தகவல் ஏறுகிறது, வந்த தகவல் பூச்சியம் என்றால் உங்கள் போன் அனுப்புவது வீட்டை எட்டவில்லை, அல்லது எட்டியும் சாவி பொருந்தவில்லை. சிஜிநாட், பழைய முகவரி, யுடிபிக்குப் பதில் டிசிபி, பொதுச் சாவியில் ஓர் எழுத்து விட்டுப்போனது என்று இந்த வரிசையில் பாருங்கள். நீங்கள் இருக்கும் அலுவலக வைஃபையே யுடிபியைத் தடுக்கவும் கூடும். மொபைல் டேட்டாவில் இணைந்து அங்கே மட்டும் இணையவில்லை என்றால் காரணம் அதுதான்.

ஹேண்ட்ஷேக் நடக்கிறது, ஆனால் எதுவும் திறக்கவில்லை என்றால் போன் பக்கத்து அலவ்டு ஐபியில் வீட்டு வரிசை இருக்கிறதா என்று பாருங்கள். அல்லது நான் மேலே சொன்ன முகவரி மோதலாக இருக்கலாம். மற்றவை எல்லாம் திறந்து, விண்டோஸ் கணினி மட்டும் பதில் தரவில்லை என்றால் அதன் ஃபயர்வால் 10.88.0 வரிசையிலிருந்து வருவதை அந்நியமாக நினைக்கிறது; அந்த வரிசைக்கு அனுமதி கொடுங்கள்.

சிறிய பக்கங்கள் திறந்து, பெரிய பக்கங்களோ கேமரா வீடியோவோ பாதியில் உறைந்தால் எம்டியு (ஒரே தடவையில் அனுப்பும் தகவல் துண்டின் உச்ச அளவு) எண்ணைக் குறையுங்கள். வயர்கார்டு பொதுவாக 1420 வைக்கும். பயனர்பெயர், கடவுச்சொல்லோடு இணையும் பிபிபிஓஇ ஃபைபர் இணைப்புகளில் 1412 பொருந்தும். அதிலும் தீராவிட்டால் 1280 வைத்துப் பாருங்கள். சிறிது நேரம் பயன்படுத்தாமல் விட்டால் இணைப்பு செத்துப்போகிறது என்றால் பெர்சிஸ்டென்ட் கீப்அலைவ் என்ற இடத்தில் 25 என்று இடுங்கள். அத்தனை வினாடிக்கு ஒருமுறை சிறு தகவல் அனுப்பி வழியைத் திறந்து வைத்திருக்கும்.

எல்லாம் சரி, வேகம் மட்டும் குறைவு என்றால் வீட்டு இணைப்பின் அப்லோடு வேகத்தைச் சோதியுங்கள். வெளியிலிருந்து நீங்கள் பார்க்கும் வீடியோ, வீட்டைப் பொறுத்தவரை அப்லோடு. அந்த வேகத்தைத் தாண்டி எதுவும் கிடைக்காது.

சிஜிநாட்டுக்குப் பின்னால் இருப்பவர்களுக்கு

டெயில்ஸ்கேல் வயர்கார்டின் மேலேயே கட்டப்பட்டது. வித்தியாசம், இதில் உங்கள் வீட்டுப் பெட்டி தானே வெளியே சென்று அந்த நிறுவனத்தின் ஒருங்கிணைப்பு சர்வரோடு பேசுகிறது. போனும் அப்படியே பேசுகிறது. சர்வர் இருவரையும் அறிமுகம் செய்து வைத்த பிறகு, முடிந்தால் இரண்டும் நேரடியாகப் பேசிக்கொள்ளும். முடியாவிட்டால் நிறுவனத்தின் ரிலே (இடையில் நின்று தகவலைக் கடத்தும் சர்வர்) வழியாகப் பேசும், வேகம் குறையும். எந்த வழியானாலும் தனிச் சாவிகள் உங்கள் கருவிகளிலேயே இருப்பதால் உள்ளடக்கத்தை இடையில் யாரும் படிக்க முடியாது. எந்தக் கருவி உள்ளே வரலாம் என்ற பட்டியலை மட்டும் ஒரு நிறுவனத்திடம் ஒப்படைக்கிறோம். இந்த விலை எனக்கு ஏற்புடையதே. தனிநபர்களுக்கு இலவசத் திட்டமும் இருக்கிறது.

வீட்டில் எப்போதும் ஓடும் ஒரு கணினியிலும் உங்கள் போனிலும் நிறுவி, ஒரே கணக்கில் நுழையுங்கள். அந்தக் கணினியை மட்டும் அணுகினால் போதுமென்றால் வேலை முடிந்தது. கேமரா போன்ற, செயலி நிறுவ முடியாத கருவிகளையும் அணுக வேண்டுமானால் அந்தக் கணினியை சப்நெட் ரவுட்டராக மாற்ற வேண்டும்: வீட்டு வரிசையான 192.168.73.0/24ஐ அறிவிக்கும்படி அதில் ஒருமுறை அமைத்துவிட்டு, டெயில்ஸ்கேல் நிர்வாகப் பக்கத்தில் அந்த வழியை ஒப்புக்கொள்ளுங்கள். அதே பக்கத்தில் வீட்டுக் கணினிக்கு மட்டும் சாவிக் காலாவதியை நிறுத்திவிடுங்கள். இல்லையென்றால் இயல்பாக 180 நாட்களில் அது மீண்டும் நுழையச் சொல்லும். அப்போது நீங்கள் வெளிநாட்டில் இருப்பீர்கள். எந்த மின்னஞ்சல் கணக்கால் நுழைந்தீர்களோ அதற்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு கட்டாயம் இருக்க வேண்டும்.

ஊருக்குக் கிளம்பும் முன்

ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் சேர்த்து ஒரு சிறிய 12 வோல்ட் யுபிஎஸ் வாங்கி மாட்டுங்கள். வாங்கும் முன் இரண்டு அடாப்டர்களின் மீதும் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று படித்துக்கொள்ளுங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுவதும் மின்சாரம் நிறுத்தப்படும் நாளில் இது மாலைவரை தாங்காது. சிறு தடைகளில் முகவரி மாறாமல் காப்பாற்றும். மின்சாரம் வந்ததும் விபிஎன் தானே எழுகிறதா என்பதை, நீங்கள் வீட்டில் இருக்கும்போதே ஒருமுறை சுவிட்சை அணைத்துப் போட்டுச் சோதித்துவிடுங்கள். பெட்டிகளில் எது ஃபைபர், எது ரவுட்டர் என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிட்டால், "அம்மா, ரவுட்டர் என்று எழுதியிருக்கும் பெட்டியை மட்டும் அணைத்துப் போடுங்கள்" என்று தொலைபேசியில் சொல்ல முடியும்.

ரவுட்டரின் அமைப்புகளை ஒரு கோப்பாகச் சேமித்துக்கொள்ளும் வசதி இருந்தால் சேமித்துவைத்துக்கொள்ளுங்கள். அதில் சாவிகளும் இருப்பதால் மின்னஞ்சலில் போட்டு வைக்க வேண்டாம். பென் டிரைவில் வைத்துப் பீரோவில் பூட்டுங்கள். போன் தொலைந்துபோனால் கடவுச்சொற்களை மாற்ற ஓடுவதற்கு முன், லேப்டாப்பிலிருந்து விபிஎன் வழியாக ரவுட்டர் பக்கத்துக்குச் சென்று அந்தப் போனின் பியரை மட்டும் நீக்குங்கள். மற்றவர்கள் எதையும் மாற்ற வேண்டியதில்லை. ஒரு கருவிக்கு ஒரு பியர் என்று அமைக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.